அக்கா கொடுத்தது

மக்கும் குப்பைத் தொட்டியைச் சமையலறைத் தரையில் கவிழ்த்துவிட்டு, மண்டியிட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள் கெர்லிண்டே. உருளைக்கிழங்குத் தோல், காப்பிச் சக்கை, ஈஸ்டருக்குச் சாயம் பூசிய முட்டை ஓடு. அவள் தேடிய வெள்ளை மாத்திரை ஒன்றுகூட அதில் இல்லை.

"எங்கடா போடுற? கக்கூஸ்லயா?"

வாசற்படியில் நின்றிருந்தான் ஆன்ஸ்கர். அவள் தம்பி. நாற்பத்தோரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய சிறுநீரகம் ஒன்றை வாங்கி உயிர் பிழைத்தவன்.

அந்தச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமென்று தள்ளிவிடாமல் இருக்க, அவன் காலையும் மாலையும் மாத்திரை விழுங்கியாக வேண்டும். போன வாரம் நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, மருந்து இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. "ஒழுங்கா போடுறாரான்னு யாராவது கூட இருந்து பாருங்க" என்றார் அங்கிருந்த டாக்டர்.

அன்றே லீவு சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள் கெர்லிண்டே. அவளும் டாக்டர்தான். ஆல்கோய் மலையடிவாரத்தில் ஓர் இயற்கை மருத்துவமனையில் வேலை. நடையும் குளிர்ந்த நீரும் மூலிகையும் மனச்சோர்வை எவ்வளவு தூரம் தெளியவைக்கும் என்று பன்னிரண்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறவள், ரேடியோவிலும் அதைப் பற்றிப் பேசுகிறவள்.

வந்த ஐந்து நாளும் தன் கையாலேயே மாத்திரை கொடுத்தாள். அவன் விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நேற்று மறுபடி எடுத்த இரத்தத்தில் மருந்து இன்னும் குறைந்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஏறலைன்னா கிட்னி தாங்காதுங்கிறாங்க. மறுபடியும் வாரத்துக்கு மூணு நாள் இரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல கிடக்கணும். புரியுதா உனக்கு?"

"புரியுது."

"வேற டாக்டர் யாராவது ஏதாவது எழுதிக் கொடுத்தாங்களா?"

"எந்த டாக்டர்கிட்டயும் நான் போகலைக்கா."

"அப்ப வாந்தி எடுக்குற. நான் அந்தப் பக்கம் போனதும் விரலை விட்டு வெளிய எடுக்குற. அதானே?"

"சத்தியமா இல்ல."

அவள் எழுந்து ஸ்வெட்டரை ஒரு பக்கம் தூக்கினாள். விலாவுக்குக் கீழே தழும்பு வளைந்து ஓடியது. "பாருடா. இங்க கிழிச்சுத்தான் உனக்குக் கொடுத்தேன். அது குப்பையா உனக்கு?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த முகத்தைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக வந்தது. குளிர் இன்னும் விடாத அந்த ஏப்ரல் வெயிலில் ஊரில் யாருக்கும் உடம்பு சூடுகூட ஏறவில்லை. இவனுக்கு மட்டும் மூக்கும் நெற்றியும் வெந்து தோல் உரிந்திருந்தன.

"படுத்துக் கிடக்க வேண்டியவன் மலை மேல ஊர் சுத்திட்டு வந்திருக்க!"

"பஸ் கழுவினேன்க்கா. பத்து நிமிஷம்தான் வெயில்ல நின்னேன்."

அவளுக்கு அதற்கு மேல் கத்தத் தெம்பில்லை. கிழங்குத் தோலுக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவிலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்பா, அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது இவன் ஒருவன்தான்.

"உண்மையைச் சொல்லிடு. சாகணும்னு முடிவு பண்ணிட்டியா?"

ஆன்ஸ்கர் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"போன வருஷம் கேட்டிருந்தா ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். காலையில கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியாது. பஸ்ல பசங்க சிரிக்கும், எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுகையா வரும்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"கிட்னி கொடுத்தவகிட்ட போய், வாழவே பிடிக்கலைன்னு எப்படிக்கா சொல்றது? எந்த முகத்தை வச்சுக்கிட்டு சொல்வேன்?"

கெர்லிண்டே நிமிர்ந்தாள். "இப்ப?"

"இப்ப ரெண்டு மாசமா தேவலை. தூக்கம் வருது. ஞாயித்துக்கிழமை ரொட்டி சுட்டேன், தெரியுமா? வாழணும்னு ஆசையா இருக்குக்கா. அதனாலதான் இந்த ரிசல்ட்டைப் பார்த்து உன்னைவிட எனக்கு பயமா இருக்கு."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய் வராது. அவன் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"மடையா. ஊர்ல இருக்கிறவன் மனசையெல்லாம் பார்க்கிறேன், உன் மனசைப் பார்க்காம விட்டுட்டேன். அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏதாவது வழி பண்ணியிருப்பேனே."

"என்ன வழி?"

"எவ்வளவோ இருக்கு. தினம் நடக்கலாம், தண்ணி வைத்தியம் இருக்கு, உட்கார்ந்து பேச ஆள் இருக்கு. மத்தவங்களுக்கு நான் கொடுக்கிற யோவான் பூ மட்டும் உனக்கு ஆகாது. மனசுக்கு நல்ல மூலிகைதான். ஆனா உன் கிட்னி மாத்திரையை உடம்புல தங்கவிடாம அடிச்சு விரட்டிடும். கொஞ்சம் வெயில் பட்டாலே தோலையும் வேக வச்சிடும்."

ஆன்ஸ்கர் அவள் கைக்குள்ளிருந்து கையை உருவி, தோல் உரிந்த மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ரேடியோவுல அந்தப் பூவைப் பத்திப் பேசினப்ப நீ இதைச் சொல்லவே இல்லையேக்கா."