இயக்குநருக்குத் தனி வழி

இயக்குநர் கபெம்ப்வா ஒரு பிள்ளையின் எண்ணைத் தட்டியதுமே திரையில் சேர்க்கைக் கடிதம் வந்து விழுந்தது. "பாத்தீங்களா மேடம், புது சர்வரோட வேகத்தை?" என்று பெருமையாகச் சாய்ந்துகொண்டார். அமைச்சகத்திலிருந்து சோதனைக்கு வந்திருந்த திருமதி சிலும்பு தலையாட்டினார்.

ஜாம்பியத் தலைநகர் லுசாகாவின் அந்த அலுவலகத்தில் பள்ளிச் சேர்க்கைக்கு அன்று கடைசி நாள். ஐந்து மணிக்குள் இணையத்தில் கடிதம் எடுக்காத பிள்ளைக்குப் பள்ளியில் இடம் போய்விடும். நேற்றெல்லாம் தளம் படுத்தே கிடந்தது.

கபெம்ப்வாவுக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை. காலையிலேயே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நமுகோலோவிடம் உத்தரவு போட்டுவிட்டார்.

"என் அறையிலேர்ந்து கேட்டா மட்டும் புது சர்வருக்கு அனுப்பு. மத்ததெல்லாம் பழசுலயே கெடந்து சாகட்டும்."

"ஆயிரக்கணக்கான பேரு காத்திருக்காங்க, பாஸ்."

"அவங்களா வந்து எனக்கு மார்க் போடப் போறாங்க? முடியலன்னா பையைத் தூக்கிட்டுக் கெளம்பு."

யாரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று பிரித்துவிடும் வாசல் கணினியில் அவள் நாலு வரி எழுதினாள். "பிரிச்சு விட்டாச்சு, பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"எல்லாருக்கும் இதே வேகமா?" என்று கேட்டார் சிலும்பு.

"எல்லாருக்கும்தான் மேடம். காலையிலேர்ந்து ஒரு புகார் ஃபோன் வரல பாருங்க."

கத்திக் கத்தி ஓய்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். இந்த ஜனங்களுக்கு ரோஷம் ரெண்டு நாளைக்குத்தான்.

சிலும்பு கண்ணாடிக்கு அப்பால் பழசும் புதுசுமாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு சர்வர்களையும் பார்த்தார். "அப்ப அந்தப் பழசு எதுக்குச் சும்மா ஓடுது? ஊரே கரண்ட் இல்லாம கெடக்கு."

கபெம்ப்வா கண்ணாடிப் பக்கம் திரும்பினார். ஜனங்கள் அதில்தான் இருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? போனால் போகட்டும், போவது தன் பிள்ளையின் இடமா?

"நமுகோலோ, பழசை நிறுத்து."

அவள் கதவருகே வந்து நின்றாள். "இப்பவேவா பாஸ்? நல்லா யோசிச்சுக்கோங்க."

"இதுல என்ன யோசனை? அதுல ஒரு ஈ காக்கா இல்ல. மேடம் முன்னாடியே புடுங்கு."

அவள் உள்ளே போய் ஒயரைப் பிடுங்கினாள். கபெம்ப்வா மிடுக்காக அடுத்த எண்ணைத் தட்டினார். திரை வெறுமையாக நின்றது. மறுபடி தட்டினார். ஒன்றும் வரவில்லை.

"ஏய், என்ன பண்ணித் தொலைச்ச?"

நமுகோலோ ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"அதுல நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க, பாஸ்."