ஜிப் வைத்த ஸ்வெட்டர்

பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்ட தையல்காரர், மனைவி பின்னிய சாம்பல்நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கிறார். பொத்தான் போட முடியாத மனுஷனுக்காக அவள் ஒரு மாதம் பின்னி, முன்பக்கம் ஜிப் வைத்துத் தைத்திருக்கிறாள். கம்பளி எங்கும் சுருங்கவில்லை. தையலை விரலால் தடவிப் பார்த்தவர், இடது கையால் ஜிப்பின் அடிமுனையைக் கோக்கப் பார்க்கிறார். ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கம் நழுவுகிறது. நாலாவது தடவையும் நழுவியபோது அவள் பக்கத்தில் வருகிறாள். "ஜிப் மாட்ட ரெண்டு கை வேணும்னு தையல்காரன் பொண்டாட்டிக்குத் தெரியாதா?" என்கிறார். "தோணலைங்க" என்று அவள் குனிந்து கோத்து, கழுத்துவரை ஏற்றிவிடுகிறாள். அவர் அதே வேகத்தில் கீழே இழுத்துப் பிரித்துவிடுகிறார். "தள்ளி நில்லு." மறுபடியும் முதலிலிருந்து கோக்கத் தொடங்குகிறார். தன் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.