வாடி என் தங்கம்

டப்பிங் ஸ்டுடியோவில் மைக்கின் முன்னால் அம்மா நிற்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவாளரின் நாற்காலிக்குப் பின்னால் மகள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் ஒட்டாமல் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய சின்னப் படம் அது. எந்தத் தியேட்டரில் ஓடப்போகிறதோ, யார் கண்டார்கள். திரையின் நீல வெளிச்சம் அம்மாவின் கன்னத்தில் அலைகிறது. படம் முழுக்க முகம் கொடுக்காத தாய், கடைசியில் மகளை அழைக்கிறாள். "வாடி என் தங்கம், அம்மா பக்கத்துல வந்து உக்காரு." அம்மாவின் குரல் கனிந்து கசிகிறது, கைகூடத் தானாக நீள்கிறது. இயக்குநர் இன்னொரு தடவை கேட்க, முன்னைவிடக் குழைவாகச் சொல்கிறாள். திரையில் மகளாகக் கண் கலங்கும் அந்த ஒல்லிப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க மகளுக்கு வயிறு எரிகிறது. நாளைக்கு இவள் வேலைக்காக வெளியூர் போகிறாள். வீட்டில் அம்மாவிடமிருந்து இன்னும் இதமாக ஒரு வார்த்தை விழவில்லை. அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வருகிறாள். "அம்மா, என்னையும் அப்படி ஒருதடவை கூப்பிடேன்." குரல் விளையாட்டுப்போலத்தான் வருகிறது. "போடி, எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு," என்று அம்மா பிளாஸ்கைத் திறக்கிறாள். "மேடம், அந்தக் கடைசி வரி மட்டும் இன்னொண்ணு எடுத்துக்கலாமா?" என்கிறார் இயக்குநர். "அதுக்கென்ன, எடுத்துக்கலாமே!" ஊற்றிய வெந்நீரை மகள் கையில் கொடுத்துவிட்டு, அம்மா மறுபடி உள்ளே போகிறாள்.