கோட்டையில் ஒரு டிபன் கேரியர்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த டிபன் கேரியரைப் பார்த்ததும், மலாயா ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் பெரிய கிராணி குலசேகரத்துக்கு வியர்த்துவிட்டது.

ஸ்காட்லாந்துக் குளிரில் வியர்ப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

நகரத்தின் நடுவே குன்று. குன்றின் மேல் கோட்டை. கோட்டைக்குள் மூன்று மியூசியங்கள். ஒன்றில் ராஜாக்களின் வாள்கள். ஒன்றில் ராணிகளின் நகைகள். மூன்றாவதில், 'மலாயாக் காடுகளில் நமது படை' என்ற பலகைக்குக் கீழே, அவர் வீட்டுக் கேரியர்.

சந்தேகமே இல்லை. பித்தளை, நான்கு அடுக்கு, மாமனார் கொடுத்த சீதனம். மூடியில் புள்ளி புள்ளியாக யாழ்ப்பாணத்துப் பாத்திரக் கடைக்காரன் வெட்டிய பெயர்: அன்னபூரணம் குலசேகரம்.

அருகில் இருந்த அட்டை ஆங்கிலத்தில் பேசியது. 'பயங்கரவாதிகளின் உணவுப் பாத்திரம். நெகிரி செம்பிலான். மூடியில் ரகசியக் குறியீடு. பொருள் இதுவரை தெரியவில்லை.'

காட்டில் ஒளிந்து போராடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில் என்பது மலாயாவின் அவசரகாலச் சட்டம். இங்கே போயிருப்பது நான்கு அடுக்கு.

பக்கத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நின்றார், நெஞ்சில் பதக்கத்தோடு. தம்பின் வட்டாரத்தில் மற்ற தோட்டங்களில் காட்டு ஆட்கள் ரப்பர் மரங்களைக் கீறி நாசமாக்கினார்கள், லாரிகளைக் கொளுத்தினார்கள், துரைமாரைச் சுட்டார்கள். இவர் தோட்டத்தில் ஒரு பால் கோப்பைகூடக் கவிழவில்லை. அஞ்சா நெஞ்சம் என்று அரசாங்கம் பதக்கம் குத்தியது. விடுமுறையில் ஊருக்குக் கிளம்பியவர், கம்பெனி டைரக்டர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு விசுவாசமான கிராணியையும் கப்பலில் ஏற்றிவந்தார்.

அந்த விசுவாசம்தான் இப்போது கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் குலசேகரம் வீட்டுப் பின்கதவைத் தட்டிய காட்டு ஆட்கள் இரண்டு பேர், துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாடு வேண்டும் என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். சீதனப் பாத்திரத்திலா அனுப்புவது என்று குலசேகரம் பதறியதற்கு அன்னபூரணம் அசரவில்லை.

"இஞ்சேருங்கோ, பேர் வெட்டாத ஏனம் இந்த வீட்டில எங்க கிடக்கு? சாப்பிட்டிட்டுக் கழுவித் திருப்பித் தரச் சொல்லுங்கோ."

அவர்களும் கழுவித் திருப்பித்தான் தந்தார்கள், ராணுவம் அவர்களுடைய காட்டு முகாமைப் பிடித்த வெள்ளிக்கிழமை வரை.

தோட்டத்து முள்கம்பி கேட்டில் காவல்காரர்கள், கேரியர் போகும் கிராணியின் காருக்குச் சல்யூட் அடிப்பார்கள். சோதனையெல்லாம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகும் ஆட்களுக்கு. அப்படித்தான் அவர்களில் ஒருத்தியான மயிலம்மாளின் முந்தானை முடிச்சில் ஒரு பிடிச் சோறு அகப்பட்டது. சிரம்பான் கோர்ட்டில் அவளுக்கு மொழிபெயர்க்கக் குலசேகரத்தையே அழைத்தார்கள்.

"என் பசிக்குத்தானுங்க. மரம் வெட்டி முடிக்கிறதுக்குள்ள கண்ணு இருட்டுதுங்க."

அவர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். பிறகு, "இவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், யுவர் ஆனர்" என்று தன் சொந்தச் சரக்கையும் சேர்த்தார். இரண்டு வருஷம் ஜெயில். வருகிற தீபாவளிக்கு வெளியே வர வேண்டியவள்.

மியூசியத்தைக் கவனித்துக்கொண்ட மீசைக் கேப்டன் நெருங்கி வந்தார். பெட்டியில் கேரியருக்குப் பக்கத்தில் ஒரு வட்டமான காலி சிகரெட் டின்னும் இருந்தது; அது கேரியருக்குள் கிடைத்ததாம். இத்தனை உயர்ந்த சிகரெட் அந்தக் காட்டுப் பயல்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் தனக்கு விளங்கவில்லை என்றார்.

துரை ஜன்னல் வழியே நகரத்தை ரசிக்கத் தொடங்கினார்.

கேப்டன் மூடியைச் சுட்டிக்காட்டி, இது உங்கள் பக்கத்து எழுத்தாமே, படிக்க முடியுமா என்று குலசேகரத்தைக் கேட்டார்.

குலசேகரம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். மனைவியின் பெயரையும் தன் பெயரையும் நிதானமாக, ஓர் அறிஞரைப் போல ஆராய்ந்தார்.

"ஏகாதிபத்தியம் ஒழியும் வரை தொழிலாளர் படை ஓயாது என்று எழுதியிருக்கிறது, சார்."

இரண்டே சொல்லில் இவ்வளவுமா என்று கேப்டன் வியந்தார்.

தமிழ் மிகவும் சுருக்கமான மொழி என்றார் குலசேகரம்.

கேப்டன் பரவசத்தோடு பென்சில் எடுக்கப் போனார். ஜன்னலிலிருந்து திரும்பிய துரை, கிராணியின் காதருகே குனிந்தார். லயத்துக் கூலி ஆட்களிடம் கற்ற தமிழ். பேச மட்டும்தான் தெரியும், படிக்கத் தெரியாது என்று தோட்டமே நம்பியிருந்தது.

"நல்லாப் படிச்சே, கிராணி. ஆனா அம்மாகிட்ட சொல்லு, பேரு வெட்டுன சட்டியக் காட்டுக்கு அனுப்பக் கூடாதுலா. என் சிகரெட்டு டின்னுல எங்கயாச்சும் பேரு இருக்கா, பாரு."

வெள்ளிக்கிழமைகளில் காரை ஆபீசுக்குப் பின்னால் நிறுத்தும்படி துரை சொன்னது ஏன், நிறுத்தி எடுத்த பிறகு கேரியர் கனத்தது ஏன் என்று குலசேகரத்துக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் இத்தனை நாளும் பருப்பைச் சந்தேகித்திருந்தார்.

துரையின் பதக்கம் விளக்கொளியில் மின்னியது.

கேப்டன் பென்சிலும் புது அட்டையுமாகத் திரும்பி வந்தார். பாத்திரம் யாருடையது என்பது மட்டும் தெரிந்தால் அட்டை பூரணமாகிவிடும் என்றார். உங்கள் தோட்டத்தில் யாராவது பிடிபட்டார்களா? பெயர் கிடைத்தால் சிரம்பான் போலீசுக்கும் ஒரு கடிதம் போட்டுவிடலாம், விட்டுப்போன வழக்கு எதுவும் இருக்கக் கூடாது பாருங்கள்.

துரை கிராணியைப் பார்த்தார்.

கிராணி துரையைப் பார்த்தார்.

"ஒருத்தி இருக்கிறாள், சார்" என்றார் குலசேகரம்.

வெள்ளைக்காரர்கள் நம்மவர் பெயர்களைக் கண்டபடி எழுதிவிடுகிறார்கள் என்பதில் அவருக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. ஆகவே பென்சிலைத் தானே வாங்கி, மயிலம்மாளின் பெயரை அட்டையில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் அழகாக எழுதிக் கொடுத்தார்.