கோஸ்கீரை ராஜா

ஹில்கோவின் நாற்காலியில் ப்ரூங்கனை உட்காரவைத்தது நான்தான். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஓனோ என் தோளைத் தட்டினான். "உனக்குப் பெரிய மனசு, இம்கே."

போன குளிர்காலம் அதே நாற்காலியிலிருந்துதான் என் கணவர் ஹில்கோ, "இன்னும் கொஞ்சம் கடுகு வையி," என்றார். அன்று ஊர்க் கோஸ்கீரை விருந்தில் எல்லாரையும்விட அதிகம் தின்று ராஜாவானார். பன்றியின் தாடை எலும்பை நாடாவில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினார்கள்.

ராஜாவானவர்தான் அடுத்த வருட விருந்தை நடத்த வேண்டும். அதற்குள் ஹில்கோ போய்விட்டார். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அவர் போனதற்குக் காரணம் ப்ரூங்கன். கோஸ்கீரையின் பச்சை நிறமியை மாத்திரையாக்கி விற்கிறவர். ஹில்கோவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. ஊசி இல்லாமல் ஒரு நாளும் கிடையாது. இதைப் போட்டால் ஊசியை விட்டுவிடலாம் என்று ப்ரூங்கன் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். ஹில்கோ விட்டார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"கீரை நல்லதுதாம்மா. அந்த நிறமிங்க சர்க்கரைக்கு உதவுமான்னு இப்பதான் ஆராய்ச்சியே பண்றாங்க," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "ஊசிய நிறுத்தச் சொன்னது யாரு?"

தான் அப்படிச் சொல்லவேயில்லை என்று ப்ரூங்கன் போலீசில் சாதித்துவிட்டார். கேட்ட ஒரே ஆள் மண்ணுக்குள் இருந்தார்.

அடக்கம் முடிந்து காபி கொடுத்த இடத்துக்கும் ப்ரூங்கன் வந்திருந்தார். கேக் தட்டு வந்ததும் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டே வந்தார். அழுகையை மறைக்கப் போயிருக்கிறார் பாவம் என்று பேசிக்கொண்டார்கள்.

இப்போது விருந்து மேசையில் அவருக்குப் பக்கத்தில் எங்கள் தெரு கேஷே அக்கா. "திங்கக்கிழமைலேர்ந்து நானும் ஊசிய விடப்போறேன். சார் தைரியம் சொல்லிட்டாரு."

"வேணாங்க்கா. எத்தன தடவ சொல்லிட்டேன்."

"வீட்டுக்காரர் போன துக்கத்துல பேசறே நீ. அந்த மனுஷன் மேல என்ன தப்பு?"

உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசை நடுக்கூடத்துக்கு இழுத்து வந்தேன்.

சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை. அதிகம் ஏறியவர் ராஜா. நடுவில் பைக்குள் கல்லைப் போட்டுக்கொண்ட மகானுபாவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அதனால் கோட்டும், பைகளில் இருக்கும் எல்லாமும் என் கூடைக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது எடை வரை யாரும் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

"நான் கொஞ்சம் கை கழுவிட்டு வந்துடறேன்," என்றார் ப்ரூங்கன்.

"கழுவற சாக்குல கல்லு பொறுக்கறதுக்கா?" என்று ஓனோ கேட்க, கூடமே சிரித்தது. ப்ரூங்கனும் சிரித்துவைத்து, கோட்டைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

கோஸ்கீரையும் சாசேஜும் வந்தன. சர்க்கரையில் புரட்டி வறுத்த உருளைக்கிழங்கை அவர் தட்டில் நானே குவித்தேன். "விருந்தாளி ஆரம்பிக்கட்டும். அப்புறம்தான் நாம."

இரண்டு கிழங்கு தின்றார். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன சார், உங்க சரக்குதான தட்டுல இருக்கு? ஒரு வெட்டு வெட்டுங்க," என்றான் ஓனோ.

ப்ரூங்கனின் நெற்றி வியர்த்திருந்தது. கூடை என் மடியில் இருந்தது. என் காதருகே குனிந்து, மூச்சுக் காற்றாக ஏதோ சொன்னார். அந்தப் பெரிய மனசை அவரும் நம்பியிருந்தார்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை. "கேஷே அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க, உடனே தர்றேன்."

கேஷே அக்கா திரும்பினாள். ஓனோ சிரிப்பதை நிறுத்தினான். ப்ரூங்கன் எல்லார் முகத்தையும் பார்த்தார், கடைசியில் என் முகத்தை.

"நான் இன்சுலின் போட்டுக்கணும்."