விரிசல் மேல் ஒட்டு

புதிதாக வாங்கிய வீட்டின் உள்ளறையில் மூவர் இருந்தனர். கணவர் சிமெண்ட் மூட்டை மேல், கொத்தனார் சன்னல் விளிம்பில், அவள் கவிழ்த்த பெயிண்ட் வாளி மேல். மகளுக்கென்று ஒதுக்கிய அந்த அறைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல்.

"குறுக்கே சிமெண்ட் ஒட்டு போட்டு, தேதி எழுதி வைப்போம்க்கா. ஒட்டு வெடிச்சா சுவரு நகருதுன்னு அர்த்தம்," என்றார் கொத்தனார்.

பழைய பெயிண்டைக் கரண்டியால் சுரண்டினார். அடியில் ஏற்கெனவே ஓர் ஒட்டு இருந்தது. இரண்டாக வெடித்திருந்தது. அதில் ஆணியால் கீறிய தேதி, இந்த வருடம், அடுத்த மாதம் இருபத்தேழு. ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு.

"ஏழுக்கு இடுப்புல பெல்ட் கட்டுறவ நீ ஒருத்திதானே," என்று சிரிக்கத் தொடங்கிய கணவர் பாதியில் நிறுத்தினார்.

"சாவியே இன்னைக்குத்தானே கைக்கு வந்துச்சு," என்றாள் அவள்.

கொத்தனார் புது ஒட்டுப் போடாமலே கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பத்திரிகையில் வீட்டுச் சந்தேகங்களுக்குப் பதில் எழுதும் பொறியாளருக்கு அவள் கடிதம் எழுதினாள். விரிசலின் நீளம், அகலம், ஒட்டிலிருந்த தேதி எல்லாவற்றையும் எண்ணில் இல்லாமல் எழுத்திலேயே வரிசையாகக் குறித்தாள். யாருடைய கையெழுத்து என்பதை மட்டும் விட்டுவிட்டாள். கடைசியில் ஒரே கேள்வி: அந்த அறையில் மகளைப் படுக்க வைக்கலாமா?

உறையை ஒட்டிக் கணவரிடம் நீட்டினாள்.

"விலாசத்தை நீங்க எழுதுங்க. பின்கோடுல ஏழு இருக்கு."

அவர் எழுதி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.