அம்மா குடம் வாங்குகிறாள்

அம்மா குடத்தைக் காதோரம் வைத்து விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"இது வேணாம். சத்தமே சரியில்ல."

கடைக்காரர் அலுக்காமல் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கேம்பல் லேனில் குடம் விற்பவருக்குப் பொறுமை வேண்டும். அவரிடம் இருந்தது. என்னிடம் இல்லை.

பதினொரு மாதமாக அம்மா என்னோடு பேசவில்லை. உங்களுக்கு மூன்றாவதாகப் பிறந்தது மகள் இல்லை, மகன் என்று தோ பாயோவில் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது. நான் புக்கிட் மேராவில் ஓர் அறை பிடித்துக்கொண்டு, சரத் என்று பெயரையும் மாற்றிக்கொண்டேன்.

பேச்சுதான் இல்லையே தவிர, பொருள்கள் வந்துகொண்டிருந்தன. ரோஷினி அக்காதான் கொண்டுவருவாள். முதலில் மந்திரித்த எலுமிச்சம்பழம். அப்புறம் கறுப்புக் கயிறு. அதற்கும் அப்புறம், எந்தச் சோசியர் சொன்னாரோ, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு தகடு. எல்லாம் நான் பழையபடி மாறுவதற்காம்.

இப்போது குடம். சைஸ் ஏறிக்கொண்டே போகிறது.

போன மாதம் நானே வாய்விட்டுப் பேசலாம் என்று என் புது நம்பரிலிருந்து ஃபோன் செய்தேன். ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்ததில் குரல் ஆண்குரலாக உடைந்திருந்தது. 'அம்மா' என்ற ஒரு வார்த்தைதான் சொன்னேன், பட்டென்று வைத்துவிட்டாள். மோசடிப் பேர்வழி என்று நினைத்திருப்பாள். அப்படிக் கூப்பிட்டு ஏமாற்றுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய.

அப்படி இருக்க, நேற்று அக்காவிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குத் தேக்காவில் இருக்கும் இந்தக் கடைத்தெருவுக்கு வரச் சொன்னாள் அம்மா.

ஒரு முடிவோடுதான் வந்தேன். இதுவும் என்னை மாற்றுவதற்கான வேண்டுதல் என்றால் அப்படியே போய் ரயிலேறிவிடுவது. இனிமேல் தோ பாயோ பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. முடிவு என்னவோ வீறாப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்பது மணிக்கே வந்து காத்திருந்தேன்.

அம்மாவிடம் நான் இதை முதலில் சொன்னது ஏழு வயதில். தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் பொண்ணு இல்லம்மா என்றேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. அதற்குப் பிறகு இருபது வருடம் தினமும் காலையில் கண்ணாடிக்குள் இருந்த யாரோ ஒருத்திக்குத் தலைவாரி, அவளைப் பள்ளிக்கும், பிறகு சாங்கி விமான நிலையத்துக்கு வேலைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நன்றாக வாரினாலும் அவள் நானாகவில்லை.

"யாருக்கும்மா குடம்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். உனக்காக எடுக்கிறேன்."

போதும். பையைத் தோளில் மாட்டினேன்.

"நான் பழையபடி மாற மாட்டேம்மா. அதுக்காகன்னா எடுக்காதீங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பூ வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா திரும்பவில்லை. அடுத்த குடத்தைச் சுண்டிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர்தான் பாவம், பேச்சை மாற்றப் பார்த்தார்.

"என்னம்மா வேண்டுதல்?"

"மகன் பொறந்திருக்கான்."

"அடடே. பேரனாம்மா?"

"பேரன் இல்ல. மகன்."

அவர் அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தார். மரியாதைக்காரர், முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"எத்தன மாசம்மா ஆகுது?"

"இருபத்தேழு வருஷம்."

நான் பையோடு அப்படியே நின்றேன்.

அம்மா குடத்தைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொன்னாள். "முதல் ரெண்டும் பொண்ணு. மூணாவது பையனா பொறந்தா மூணு வருஷம் பால்குடம் எடுக்கிறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். ஆஸ்பத்திரில பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. நானும் நம்பிட்டேன்."

குடத்தைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள்.

"போன மாசம் ஒரு ஃபோன் வந்துச்சு. அம்மான்னு கூப்பிட்டான். அப்படியே அவங்கப்பா குரல். போய்ச் சேர்ந்த மனுஷன் கூப்பிடுறாரோன்னு வெலவெலத்துப் போய் வெச்சிட்டேன். அப்புறம்தான் யாருன்னு புரிஞ்சுது."

கடைக்காரர் என் மீசையைப் பார்த்தார். அது இருந்த அளவுக்குப் பார்த்தார். பிறகு, "அப்போ நல்லதா ஒன்னு எடுத்துத் தரேம்மா" என்று முக்காலி போட்டு மேல்தட்டுக்கு ஏறினார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான். கூடவே வெட்கமாகவும் இருந்தது. ரோஷினி அக்கா பிறந்ததற்கும் வைஷாலி அக்கா பிறந்ததற்கும் முருகனுக்கு ஒரு தேங்காய்கூட உடையவில்லை. மகனாக எனக்குக் கிடைத்த முதல் மரியாதை, அவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த மரியாதை. இதை அக்காக்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மேலிருந்து வந்த குடம் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. தலையில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்த்தாள். ஐந்தாவது அடியில் முழங்கால் மடங்கியது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். தைப்பூசத்தன்று பால்குடத்தோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் நடக்க வேண்டும், அதுவும் மூன்று வருடம்.

அம்மா என் கையைத் தட்டிவிடவில்லை. முகத்தில் மட்டும் கடுகடுப்பு.

"மூட்டு நல்லா இருந்த காலத்துலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா?"

ஏழு வயதிலேயே சொன்னேனே என்று வாய்வரை வந்தது.

"பக்கத்துக் கடையில தைலம் இருக்கும்மா. வாங்கிட்டுப் போலாம்" என்றேன்.